பிள்ளைக்குக் காது கேட்குதான்னு பார்க்குற பெரா டெஸ்ட் ரெண்டு தடவையும் பாதியில நின்னுபோச்சு, சீக்கிரம் எடுக்க வழி உண்டா?

தங்கச்சிமடம் அம்மா:
மகனுக்கு நாலு மாசம். பிறந்தப்ப பார்த்த சோதனையில ரெண்டு காதும் தேறலை, பெரா எடுக்கச் சொன்னாங்க. ரெண்டு தடவை ராமநாதபுரம் போயாச்சு. விடியக்காலையில எழுப்பி, பாம்பன் பாலம் தாண்டி டெஸ்ட் நேரத்துல தூங்கட்டும்னு பஸ்ஸுல கண்ணசரவிடாம கொண்டுபோனேன். பத்து நிமிஷத்துல முழிச்சு அழுதுட்டான். வலது காதே முடியலை, இடதைத் தொடவே இல்லை. ஏன் இவ்வளவு நேரம் பிடிக்குது?

ஆடியாலஜிஸ்ட்:
தங்கச்சி, சத்தம் கேட்டதும் மூளைத்தண்டுல எழுற மின்சாரம் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கம்மி. பிள்ளை வாயைச் சப்பினாலே தசையில இருந்து அதைவிடப் பல மடங்கு கிளம்பும். அதனால ஆயிரம், ரெண்டாயிரம் தடவை சத்தம் கொடுத்து சராசரி எடுக்கிறோம். இதையே ஒவ்வொரு சுருதிக்கும், ஒவ்வொரு சத்த அளவுக்கும், காதுக்குக் காது செய்யணும்.

‘சிர்ப்’ ஒலி இருக்கான்னு கேளுங்க. உட்காதுல தாழ்ந்த சுருதிச் சத்தம் போய்ச் சேரச் சில மில்லிசெகண்ட் பிந்தும். சிர்ப்புல அதை முன்னாடியும் கீச்சொலியைப் பின்னாடியும் விடுறதால நரம்பெல்லாம் ஒண்ணா எழும்பும், அலை பெருசா வரும். அலை ரெண்டு மடங்கானா கால்வாசி நேரம் போதும்.

பெரா மாதிரியே ஏ.எஸ்.எஸ்.ஆர்-னு இன்னொரு டெஸ்ட் இருக்கு. அதுல 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் சுருதிகளை ரெண்டு காதுக்கும் ஒரே சமயத்துல கொடுக்கலாம். ஒவ்வொண்ணும் வேற வேற வேகத்துல துடிக்கிறதால கம்ப்யூட்டர் பிரிச்சுடும். ஆனா கேட்கும் நரம்புல கோளாறான்னு அதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது, ‘டிக்’னு சத்தம் கொடுத்து எடுக்குற கிளிக் பெராவும் வேணும். 2019-ல அமெரிக்காவுல போலோனென்கோ, மேடாக்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அஞ்சு சுருதியை ரெண்டு காதுக்கும் தாறுமாறான இடைவெளியில ஒண்ணாக் கொடுத்து, பெரா அலையையே தனித்தனியாப் பிரிச்சுக் காட்டினாங்க. அது பரவினா உங்களை மாதிரி அம்மாக்களுக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம்!

கீழக்கரை உம்மா:
எம் மகளுக்கு மூணாவது தடவைதான் முடிஞ்சது. மாமி தடவின தேங்காயெண்ணெயில நெத்தி மினுமினுன்னு இருந்து ஒயர் ஒட்டவே இல்லை. தேய்ச்சுத் துடைக்கிறதுக்குள்ள முழிச்சுட்டா. எண்ணெய், பவுடர், மை எதுவும் வேணாம்மா. ஒயரை ஒட்டினப்புறம் மடியில வச்சுப் பால் கொடுங்க, அப்படியே தூங்கிடும்.

ஆடியாலஜிஸ்ட்:
அக்கா சொன்னதுதான் முக்கியம். தோல் சுத்தமா இல்லைன்னா எந்த மெஷினும் வேகமா ஓடாது. ஒரே காதை முழுசா முடிக்காம, ரெண்டு காதுலயும் 2000 ஹெர்ட்ஸ் முதல்ல, அப்புறம் 500 எடுக்கச் சொல்லுங்க. முழிச்சாலும் எடுத்தவரை வீணில்லை. காது கேட்கலைன்னா ஆறு மாசத்துக்குள்ள காது மெஷின் மாட்டணும், தள்ளிப்போடாதீங்க.

தங்கச்சிமடம் அம்மா:
போன் போட்டேன், சிர்ப் இருக்காம். வியாழக்கிழமை போறோம். இன்னைக்கே மாமியார்கிட்ட எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைக்கச் சொல்லிட்டேன் அக்கா.