கான்ஸ்டபிளின் மேகங்கள்: ஓவியம் வரைபவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நிலக்காட்சி ஓவியம் பழகும் மாணவர்களுக்காக ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837) பற்றி ஒரு சின்னப் பேச்சு தயாரிக்கிறேன், ஓர் இடத்தில் உங்கள் கை தேவைப்படுகிறது.

அவர் யாரைப் பார்த்து வளர்ந்தார் என்பது தெளிவாகவே இருக்கிறது. இளவயதில் பிரெஞ்சு ஓவியர் கிளோட் லொரேனின் ஓவியத்தில் மயங்கியவர், டச்சு ஓவியர் ரய்ஸ்டாலைப் பிரதியெடுத்துப் பழகியவர், தன் சொந்த ஊர்ப்பக்கமான இங்கிலாந்தின் சஃபோக் மண்ணின் ஓவியர் கெயின்ஸ்பரோவையும் நேசித்தவர். சரி, அப்புறம் 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் வெறும் வானத்தை மட்டும் காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டி, பின்பக்கம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதி வைத்தாரே, அந்தக் கண் எங்கிருந்து வந்தது? அப்பா மாவு ஆலை நடத்தியவர், காற்றாலையும் உண்டு, இவரும் கொஞ்ச காலம் அங்கே வேலை பார்த்திருக்கிறார். காற்றைக் கவனிக்காமல் பிழைக்க முடியாத வீடு. என்னைக் கேட்டால் எந்த ஓவியரையும்விட இதுதான் அவருக்குள் ஆழமாக இறங்கியது.

இதை மாணவர்கள் முன்னால் தீட்டியே காட்ட ஆசை. வெளியில் நின்று எண்ணெய் வண்ணத்தில் வரைபவர்கள் சொல்லுங்கள்: மேகம் நகர்வதற்குள் முடிக்க எதை முதலில் வைப்பீர்கள், வெளிச்சத்தையா, நிழல் பக்கத்தையா? காகிதம் எண்ணெயை உறிஞ்சாமல் இருக்க அடியில் என்ன பூசுவீர்கள்? அந்த மேகச் சித்திரங்களின் தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குப் பெரிய படங்கள் யாரிடமாவது இருந்தால் இணைப்பு தாருங்கள், மாதக் கடைசிக்குள் கிடைத்தால் போதும்.