அப்னேரின் சவ ஊர்வலத்தை மேடையில் எப்படிக் காட்டுறது?

கேள்வி (கொட்டாஞ்சேனை):
சபை நாடகத்துக்கு 2 சாமுவேல் 3ஆம் அதிகாரம் எடுத்திருக்கிறம்: சவுல் வீட்டுப் படைத்தளபதி அப்னேர் தாவீதோடு சமாதானமாக வர, தாவீதின் தளபதி யோவாப் அவனைக் கொன்றுபோடுற இடம். அப்னேரின் அடக்கக் காட்சிக்குப் பெட்டி, வெள்ளை உடுப்பு, பறை என்று எழுதியிருக்கு. சரிவருமா?

பதில் (வெள்ளவத்தை):
மூன்றும் சரிவராது. யோசேப்பைப் பெட்டியில் வைத்தது எகிப்தில். இங்கே பாடை, எபிரேயத்தில் 'மித்தா', கட்டிலுக்கும் அதே சொல். வெள்ளை நம்ம ஊர்ச் செத்தவீட்டு வழக்கம். அவர்கள் உடுப்பைக் கிழித்து இரட்டு கட்டுவார்கள். இரட்டு கருமையான ஆட்டுமயிர்த் துணி. புறக்கோட்டையில் சணல் சாக்கு வாங்கிக் கறுப்புச் சாயத்தில் முக்குங்கோ. வெறும் உடம்பில் கட்டினால் அறுக்கும்.

கிழிக்கிறதுதான் மேடையில் சொதப்பும். பழைய பருத்திச் சட்டையாகப் பார்த்து, கழுத்தில் ஒரு அங்குலம் நூலோட்டத்தோடு முதலே வெட்டி வையுங்கோ. குறுக்காக வெட்டினால் பாதியில் நிற்கும். ஒத்திகைக்கு வேறு சட்டை.

பறை பற்றி அந்த அதிகாரத்தில் ஒன்றுமில்லை. அழுகுரல் போதும்.

பதில் (தெமட்டகொடை):
யோவாபை ஓரத்தில் நிறுத்திடாதீங்க! துக்கங்கொண்டாடச் சொல்லித் தாவீது கட்டளையிடுறதே அவனுக்கும்தான். கொன்றவன் இரட்டோடு பிணத்துக்கு முன்னால், ராஜா பாடைக்குப் பின்னால். காட்சியே அதுதான். ஆனால் இதுக்கு முதல் இரண்டு பக்கமும் மோதின கிபியோன் சண்டை தெரியாத ஆளுக்கு இது விளங்காது. அங்கே யோவாபின் தம்பி ஆசகேல் துரத்திக்கொண்டு வர, அப்னேர் ஈட்டியின் பின்முனையால் வயிற்றில் குத்தினான். தாவீதின் பக்கம் ஆசகேலோடு 20 பேர், எதிர்ப்பக்கம் 360 பேர் விழுந்தார்கள். யோவாப் எப்ரோன் வாசலில் பழிவாங்கினதும் வயிற்றில்தான். அந்த இரண்டு குத்தையும் ஒரு நிமிஷத்தில் முதலே காட்டிடுங்க.

கேட்டவர்:
தாவீதின் புலம்பலை ஒப்பாரி மெட்டில் பாடலாமா?

பதில் (வெள்ளவத்தை):
வேண்டாம். "என் ராசாவே" என்று இழுத்தால் பெண்சாதி அழுகிற மாதிரிப் போயிடும். இது ராஜா, நேற்றுவரை எதிரிப்படைத் தளபதியாக இருந்தவனுக்குச் சொல்வது. மொத்தமே இரண்டு வசனம். மதிகெட்டவன் சாகிற மாதிரியா செத்தாய் என்று கேட்கிறார். அந்தச் சொல் 'நாபால்', பிறகு தாவீதுக்கு மனைவியான அபிகாயிலின் முதல் புருஷனின் பேரும் அதுதான். கையில் கட்டில்லை, காலில் விலங்கில்லை: போரில் பிடிபட்டுச் சாகவில்லை, நம்பி வந்த இடத்தில் செத்தான். ஒவ்வொரு வரிக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தி, பேச்சுக்குரலிலேயே சொல்லட்டும். பிறகு கூட்டம் திரும்ப அழும்.

அதோடு திரையை மூடாதீங்கோ. பொழுதிருக்கும்போதே சனம் அப்பம் கொண்டுவந்து சாப்பிடச் சொல்லும் (நம்ம கடை அப்பமில்லை, தட்டை ரொட்டி). சூரியன் விழும்வரை தொடமாட்டேன் என்று ராஜா ஆணையிடுவார். கொலையில் ராஜாவுக்குப் பங்கில்லை என்று சனம் நம்பினது அதுக்குப் பிறகுதான். வெளிச்சம் மெல்லக் குறையட்டும், ரொட்டித் தட்டு முன்னாலேயே கிடக்கட்டும்.