செம்பூர் பிளாட் விற்பனை: ஷேர் சர்டிபிகேட்டின் பின்பக்கம்

செம்பூர்வாசி:
மும்பை செம்பூரில் அப்பா பெயரில் இருந்த பிளாட்டை விற்றோம். வாங்குகிறவருக்கு வங்கிக் கடன். பழைய அக்ரிமென்ட், இண்டெக்ஸ் டூ (பத்திரப்பதிவின் சுருக்கம்), குடியிருப்பு சொசைட்டியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) எல்லாம் கொடுத்தாயிற்று. வங்கி வக்கீல், பிளாட்காரருக்குச் சொசைட்டி தரும் ஷேர் சர்டிபிகேட்டைப் பின்பக்கம் திருப்பினார். யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று கட்டம் கட்டமாக இருக்குமே, அது. கடைசி வரியில் அப்பா பெயர், தேதி, சொசைட்டியின் வட்ட முத்திரை, சேர்மன் கையெழுத்து. செகரட்டரி இடம் மட்டும் காலி. அந்தக் காலியிடத்தைப் பேனா மூடியால் தட்டிக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் அப்பா. மாதம் தவறாமல் மெயின்டனன்ஸ் கட்டிய மனுஷனை ஏதோ புறம்போக்கில் குடியிருந்தவர் மாதிரி உட்கார வைத்துவிட்டார். அந்தக் கால செகரட்டரி காலமாகிவிட்டார். புதுக் கமிட்டி தீர்மானம் போட்டு வேறு சர்டிபிகேட் கொடுத்தது. விற்றும் ஆயிற்று, ஆனால் எரிச்சல் போகவில்லை.

மாதுங்கா மாமி:
என்ஓசிக்கு எதற்கு அலைந்தீர்கள்? பிளாட்டை மாற்றிக்கொடுக்க அது கட்டாயமில்லை என்று மகாராஷ்டிர சொசைட்டிகளின் மாதிரி உபவிதியிலேயே (பை-லா) இருக்கிறது. பெயர் மாற்றச் சொசைட்டி வாங்கும் டிரான்ஸ்பர் பிரீமியத்துக்கும் வரம்பு உண்டு. மும்பையில் 25,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2001-லேயே அரசு சொல்லிவிட்டது. 'டொனேஷன்', 'பில்டிங் ஃபண்ட்' என்று வேறு பெயர் வைத்துக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். எங்களிடமும் கேட்டார்கள். "லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள், செக் தருகிறேன்" என்றேன். செகரட்டரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான்.

டோம்பிவிலி ரகு:
மாமி, உபவிதியை வங்கியிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்! என்ஓசி இல்லாமல் என் பையனுக்கு லோன் செக்கை வெளியே விடவில்லை. சட்டம் வேறு, கவுன்டர் வேறு. செம்பூர்வாசி, விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் விலையில் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார். பிடித்ததோடு சரியா, அப்பாவின் பான் எண்ணில் கட்டினாரா என்று பாருங்கள். வீட்டில் பங்குள்ளவர் யாராவது துபாயிலோ அமெரிக்காவிலோ இருந்தால் அவர் பங்குக்கு அந்த 1 சதவீதம் செல்லாது, கணக்கே வேறு. நல்ல ஆடிட்டரைப் பிடியுங்கள். ஒரிஜினல்களைக் கொடுக்கும்போது ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தும் வையுங்கள்.

செம்பூர்வாசி:
ரகு சார், வீடு கைமாறி, டிடிஎஸ்ஸும் ஏறியாயிற்று. மாமி, அந்த லெட்டர்ஹெட் யோசனை நன்றாக இருக்கிறது, தாதரில் தங்கைக்குச் சொல்கிறேன். அவள் சொசைட்டியில் இப்போதுதான் 'ஃபண்ட்' பேச்சை எடுத்திருக்கிறார்கள்.