கடிப் புகாருக்குப் போகும் புதியவருக்கு முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

புதுப்பணி:
விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். சட்டப் பிரிவுகளை உருப்போட்டுக்கொண்டிருக்கிறேன். நாயோடு பழக்கம் என்றால் வீட்டில் வளர்த்ததோடு சரி. நாய் கடித்துவிட்டதாகப் புகார் வந்தால், சட்டத்தைப் பார்ப்பதா, கைப்பழக்கத்தைப் பார்ப்பதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கை:
தம்பி, ரெண்டையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். கடித்த நாயையோ பூனையையோ 10 நாள் அடைத்துவைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. ரேபிஸ் கிருமி எச்சிலில் வர ஆரம்பித்துவிட்டால் அந்த நாய் சில நாளிலேயே நோய் முற்றிச் செத்துப்போகும். 10 நாள் தாண்டியும் திடமாக இருந்தால், கடித்த அன்றைக்கு எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். கடிபட்டவர் அதுவரை காத்திருக்கக் கூடாது, ஊசியை உடனே தொடங்கிவிட வேண்டும்.

இடையில் நாய் செத்தால் மூளையைத்தான் பரிசோதிப்பார்கள். அதனால்தான் தலையில் அடிக்காதே என்று வருகிறவர்களிடமெல்லாம் கத்துகிறேன். மண்டையை உடைத்தால் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அதோடு, கடிபட்ட குழந்தையின் தாய்க்குச் சொல்ல உங்களிடம் பதிலும் இருக்காது.

வண்டியை விட்டு இறங்கினதும் நாய் பிடிக்கிற சுருக்குக் கோலைத் தூக்காதீர்கள், நின்று பாருங்கள். குரைக்கிற நாயைவிட, குரைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று அடங்கி விறைத்து நிற்கிற நாயிடம்தான் எனக்குப் பயம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை மட்டும் உங்கள் மேல் வைத்திருக்கும். விழியோரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரியும். அதற்குமேல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். வாலாட்டுகிறதே என்று நம்பவும் வேண்டாம், விறைத்த வாலும் ஆடும். பக்கவாட்டில் நில்லுங்கள், மேலே கவிந்து குனியாதீர்கள்.

நுனியில் சுருக்கு வைத்த அந்தக் கோல் கடைசி வழி. தின்பண்டத்துக்கும் சாதாரணக் கயிற்றுக்கும் மசிகிற நாய்கள் நிறைய. கோல் போட்டே ஆக வேண்டுமென்றால் கழுத்தோடு ஒரு முன்னங்காலும் சுருக்குக்குள் வரட்டும், மூச்சு நெரியாது. கோலைப் பிடித்து அந்தரத்தில் தூக்கி வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். உடம்பின் பின்பாதியை இன்னொருவர் தாங்க வேண்டும். நாக்கு நீலம் பாய்ந்தால் அந்த நொடியே தளர்த்துங்கள். விடுவிக்கும் பிடி சரியாக வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

புதுப்பணி:
நன்றி அண்ணே. நாய் பூட்டின கேட்டுக்குள் இருந்தால்? உள்ளே போகலாமா?

பழைய கை:
வாசலில் நின்று கூப்பிடுவது வேறு, பின்கட்டுக் கதவைத் திறப்பது வேறு. வீட்டுக்காரர் சம்மதம் அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு தருகிற சட்டங்கள் உண்டு. அது எதுவரை என்பதை உங்கள் ஊர் விதியில் வரிவரியாகப் படித்துவையுங்கள். வதைப் புகார் என்றால் விலங்கைத் தொடுவதற்கு முன்னால் படமெடுங்கள்: காய்ந்த தண்ணீர்க் கிண்ணம், சங்கிலியின் நீளம், கழுத்துப் புண். அவிழ்த்தபின் எடுத்த படத்தை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்.

கூண்டுக்காரி:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடித்ததும் தோலுக்கடியில் மைக்ரோசிப் (உரிமையாளரைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளச் சில்லு) இருக்கிறதா என்று ஸ்கேனரை வைத்துப் பாருங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவில் போட்ட சிப் நகர்ந்து முழங்கைப் பக்கம்கூட வந்திருக்கும், மெதுவாக நகர்த்துங்கள். உரிமையாளர் தேடிவர விதி கொடுத்திருக்கும் அவகாசம் முடியும்வரை அந்த நாயை யாருக்கும் தரக்கூடாது.

பூனைக்குக் கோல் வேண்டாம், கூண்டுப் பொறி போதும். மூடித் துணி போர்த்தினால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். 10 நாள் கணக்கு காட்டு விலங்குகளுக்குப் பொருந்தாது.

பணியில் சேரும் முன்பே ரேபிஸ் முன்தடுப்பூசி கேளுங்கள். 2018 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்வது இரண்டே தவணை, முதல் ஊசியும் 7 நாள் கழித்து அடுத்ததும். போட்டிருந்தாலும், கடிபட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அப்போதும் ஊசி உண்டு, இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலைப் புரத மருந்து) தான் தேவைப்படாது.