18 வயது மகனுக்கு முதல் கார்: வாகன்ஆரா, பஞ்ச்சா, பழைய ஆல்டோவா?

பொள்ளாச்சிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டுவேன். கார் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மகனுக்கு 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். போட்டான். டிரைவிங் ஸ்கூல் போய், டெஸ்ட்டில் தேறி, இப்போது லைசென்ஸ் கையில் இருக்கிறது. அவன் ஊர் சுற்ற கார் கேட்கவில்லை. என் மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பொள்ளாச்சியிலேயே செய்யலாமே என்று கேட்பீர்கள். அத்தைக்கு இதயமும் பலவீனம், அதனால் கோயம்புத்தூரிலேயே தொடரச் சொல்லிவிட்டார் டாக்டர். காலை 6 மணி ஷிப்ட். வீட்டை விட்டு நாலே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். முடிந்து வீடு திரும்பப் பன்னிரண்டு ஆகிவிடும். மகனுக்கு மதிய ஷிப்ட் கல்லூரி, அதனால் நேரம் ஒத்துவருகிறது. இப்போது கால் டாக்ஸிதான். காத்திருப்பையும் சேர்த்து ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்க்குக் குறையாமல் போகிறது. வீட்டுக்காரர் மஸ்கட்டில். அவர் அனுப்புவதில் பெரிய பங்கு டாக்ஸிக்கே சரியாகிவிடுகிறது.

பட்ஜெட் எல்லாம் சேர்த்து 5 லட்சம். மிஞ்சிப் போனால் 5.5. செகண்ட் ஹேண்ட்தான் பார்க்கிறோம்.

கொழுந்தனார், "முதல் வண்டிதானே, ஒன்றரை லட்சத்துக்குப் பழைய ஆல்டோ வாங்கிக் கொடுங்கள், இடித்தாலும் மனசு வலிக்காது" என்கிறார். மகனுக்கு ஸ்விஃப்ட் மேல் ஆசை. கோவையில் ஒரு டீலரிடம் 2019 வாகன்ஆர் 4.25 லட்சத்துக்கும், 2022 டாடா பஞ்ச் 5.4 லட்சத்துக்கும் இருக்கின்றன. வாகன்ஆரில் அத்தை சுலபமாக ஏறி இறங்கினார். ஸ்விஃப்டில் குனிந்து உட்காரவே சிரமப்பட்டார். டயாலிசிஸ் முடிந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், அதனால் முன் சீட்டைச் சாய்த்துப் படுத்தபடிதான் வருவார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம் (ஃபிஸ்டுலா) இடது கையில் இருக்கிறது, அந்தக் கையை அழுத்தி ஊன்ற முடியாது.

இருட்டு விலகாத நேரத்தில், புதிதாக ஓட்டக் கற்ற பையனையும் முடியாத பெரியவரையும் ஒரே வண்டியில் அனுப்பப் போகிறேன். எந்த வண்டி வாங்கினால் எனக்கு வீட்டில் உட்கார முடியும்?

மலைப்பாதை:

அக்கா, உங்கள் கொழுந்தனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் முதல் ஆறு மாதம் கேட்டிலும் திண்ணையிலும் உரசத்தான் செய்வார்கள். கிளட்ச்சையும் தேய்த்துவிடுவார்கள். அதை ஐந்து லட்சம் ரூபாய் வண்டியில் செய்வதைவிட ஒன்றரை லட்சம் ரூபாய் வண்டியில் செய்யட்டும். ஆல்டோவுக்கு ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். வால்பாறை ரோட்டில்கூட அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் உண்டு. ஒரு வருஷம் கை பழகியதும் நல்ல வண்டிக்கு மாறிக்கொள்ளலாம்.

உக்கடம் ஒர்க்‌ஷாப்:

சகோதரி, மேலே எழுதிய நண்பரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். பையன் கடைத்தெருவுக்குப் போய்வர மட்டும் வண்டி என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். உங்கள் நிலைமை வேறு. விடியுமுன், நான்கு வழிச்சாலையில், நாற்பது கிலோமீட்டர், வாரம் மூன்று தடவை. இதற்குப் பழைய ஆல்டோ வேண்டவே வேண்டாம்.

நான் டிங்கரிங் வேலை செய்கிறவன். உரசின வண்டியும் வரும், மோதின வண்டியும் வரும். கேட்டில் உரசினால் பம்பர், பட்டி, பெயின்ட்டோடு முடிந்துவிடும். அந்தச் செலவுக்குப் பயந்து வண்டியின் பலத்தில் சமரசம் செய்வது தப்புக் கணக்கு. வீட்டிலேயே அனுபவம் குறைந்தவர் ஓட்டப் போகிறார். அவருக்குத்தான் இருப்பதிலேயே உறுதியான வண்டி வேண்டும். நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நல்ல வண்டியை இருபது வருஷம் ஓட்டிய அப்பா வைத்துக்கொள்கிறார், ஓட்டை வண்டி பையனுக்குப் போகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

வருஷத்தை முதலில் பாருங்கள். ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2022 தொடக்கத்தில்தான். ஒன்றரை லட்சத்துக்குக் கிடைக்கிற ஆல்டோவில் இந்த மூன்றுமே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் பார்த்த 2019 வாகன்ஆர் கீழ் மாடலாக இருந்தால் இடது பக்கம் ஏர்பேக் இருக்காது. உங்கள் அத்தை உட்காரப் போவதே அந்த சீட்டில்தான். டீலர் சொல்வதை நம்ப வேண்டாம். டேஷ்போர்டின் இடது பக்கம் ஏர்பேக் இருப்பதைக் காட்டும் எஸ்.ஆர்.எஸ். (SRS) என்ற எழுத்து இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

அடுத்தது மோதல் சோதனை. குளோபல் என்கேப் என்ற அமைப்பு நம் ஊர்க் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு நட்சத்திரம் கொடுத்தது. வயதுவந்த பயணிகளுக்கான பாதுகாப்பில் 2018-இல் ஸ்விஃப்டுக்கும் 2019-இல் வாகன்ஆருக்கும் 2 நட்சத்திரம். 2020-இல் டாடாவின் டியாகோவுக்கு 4, ஆல்ட்ரோஸுக்கு 5. 2021-இல் பஞ்ச்சுக்கு 5. 2022-இல் சோதனை முறையைக் கடுமையாக்கினார்கள். அதற்குப் பிறகு ஸ்விஃப்டும் வாகன்ஆரும் 1 நட்சத்திரத்துக்கு இறங்கின. அந்த 1-ஐயும் பஞ்ச்சின் 5-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு, அது சரியில்லை. பழைய முறையில் வாங்கிய 2-ஐயும் 5-ஐயும் ஒப்பிடுங்கள். அப்போதும் வித்தியாசம் பெரிதுதான். நட்சத்திரத்தைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது அந்த அறிக்கையில் வரும் ஒரு வரி: வண்டிக்கூடு, அதாவது ஆட்கள் உட்காரும் பகுதியைச் சுற்றியுள்ள உடற்கூடு, நிலையாக நின்றதா, இல்லையா. வாகன்ஆர், ஸ்விஃப்ட் இரண்டுக்கும் நிலையில்லாதது என்று எழுதினார்கள். பஞ்ச், ஆல்ட்ரோஸ் இரண்டுக்கும் நிலையானது. கூடு நசுங்கி உள்ளே வந்தால் ஏர்பேக் விரிந்தும் பெரிய பலன் இல்லை.

அத்தை ஏறி இறங்குவதுதான் இன்னொரு பெரிய விஷயம். வாகன்ஆர் அவருக்கு ஒத்துவந்ததற்குக் காரணம் சீட்டின் உயரம். பஞ்ச்சிலும் சீட் உயரம்தான், கதவும் 90 டிகிரி திறக்கும். டியாகோ, ஆல்ட்ரோஸ் இரண்டும் தாழ்ந்தவை, ஸ்விஃப்டில் பட்ட சிரமம் அவற்றிலும் இருக்கும். இந்த ஒரு காரணத்தாலேயே உங்களுக்கு பஞ்ச் என்பேன். குறையும் சொல்லிவிடுகிறேன். மூன்று சிலிண்டர் இன்ஜின், நின்றிருக்கும்போது கொஞ்சம் அதிரும், இழுவை சுமார்தான். 18 வயசுப் பையனுக்கு இழுவை குறைவாக இருப்பதே நல்லது. ஏஎம்டி (கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோ கியர்) தேட வேண்டாம், பையன் கற்றது மேனுவலில் என்றால் அதுவே போதும்.

முன் சீட்டை ரொம்பச் சாய்க்கக் கூடாது. சாய்த்துப் படுத்தால் பெல்ட் நெஞ்சை விட்டு விலகி நிற்கும். பிரேக் அடிக்கும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும், வயிற்றில் அடிபடும். முதுகைக் கொஞ்சம் மட்டும் சாய்த்து, கழுத்துக்குச் சின்னத் தலையணை வைத்துக்கொள்ளட்டும். இடது சீட்டில் பெல்ட் இடது தோள் வழியாகத்தான் வரும். ஃபிஸ்டுலா மேல் அழுத்தாமல் எப்படிப் போடுவது என்று டயாலிசிஸ் நர்ஸிடமே கேட்டுவிடுங்கள். பெல்ட் இல்லாமல் மட்டும் உட்கார விடாதீர்கள்.

வண்டி வாங்கியதும் ஒரு மாதத்துக்கு ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் பிடியுங்கள். டாக்ஸிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் ஆகும். அவர் இடது சீட்டில், பையன் ஸ்டியரிங்கில், அத்தை பின்னால். இருட்டில் எதிர் வெளிச்சம் கண்ணைக் கூசும்போது என்ன செய்வது, கிணத்துக்கடவு பக்கம் லைட் இல்லாமல் குறுக்கே வரும் டூவீலரை எப்படிக் கவனிப்பது, இதெல்லாம் டிரைவிங் ஸ்கூல் சொல்லிக்கொடுப்பதில்லை. அமெரிக்காவில் பல மாகாணங்களில் 18 நிறையாத புது டிரைவர்கள் இரவில் ஓட்டவும் நண்பர்களை ஏற்றவும் சட்டமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை, அந்தக் கட்டுப்பாட்டை அம்மாதான் வைக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குள் தூங்காவிட்டால் காலையில் சாவி கிடையாது என்று சொல்லிவிடுங்கள். விடியற்காலையில் கண் அசந்துபோவது வேகத்தைவிட மோசம்.

பாலிசி பாஸ்கர்:

காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன், அதை மட்டும் சொல்கிறேன்.

ஓட்டுகிறவர் 18 வயசு என்பதால் தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு) பிரீமியம் ஏறாது. அது இன்ஜின் சிசி-யைப் பொறுத்தது. 2022-இல் வந்த கட்டணப்படி 1000 சிசி-க்குள் 2,094 ரூபாய், 1000 முதல் 1500 வரை 3,416 ரூபாய், வரி தனி.

ஆர்.சி. யார் பெயரில் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். கட்டாயமாக எடுக்கிற 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கானது. உங்கள் பெயரில் பதிந்தால் அது மகனுக்கு உதவாது. மகன் பெயரிலேயே பதியலாம், 18 ஆகிவிட்டது. அத்தைக்காகப் பயணிகள் விபத்துக் காப்பீட்டையும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், செலவு சொற்பம்.

பழைய உரிமையாளரின் பாலிசியே இருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பலர் சிக்குவது இங்கேதான். தேர்டு பார்ட்டி தானாக மாறிவிடும், நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி மாறாது. 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய நோ கிளைம் போனஸும் (இழப்பீடு கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது. ஆகவே பிரீமியம் கொஞ்சம் கூடும், அதையும் 5.5 லட்சத்துக்குள் கணக்கு வையுங்கள். வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வண்டிமேல் கடன் இருந்தால் வங்கியின் என்ஓசி-யும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.-யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணமும் கொடுக்க வேண்டாம்.

பொள்ளாச்சிக்காரி:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. மகனையும் உட்கார வைத்துப் படித்தேன். ஸ்விஃப்ட் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். வண்டிக்கூடு பற்றி எழுதியதை அவனுடைய அப்பாவுக்கும் அனுப்பினான். ஆக்டிங் டிரைவருக்கு எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை பஞ்ச் பார்க்கப் போகிறோம். ஒரு சந்தேகம். அந்த வண்டி சென்னை ரிஜிஸ்ட்ரேஷன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

உக்கடம் ஒர்க்‌ஷாப்:

கேட்க வேண்டிய கேள்விதான். சீட் பெல்ட் ஒவ்வொன்றையும் முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை கோடாக நின்றால் அந்த வண்டி வேண்டாம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். டிரைவர் காலடி மேட்டை எடுத்து, கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட், கம்பிகளையும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். தண்ணீரில் நின்ற வண்டியில் ஏர்பேக் கம்பிகளும் சென்ஸார்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம், பிறகு அந்த நட்சத்திரத்தை நம்ப முடியாது. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம், அதுவும் சந்தேகத்துக்குரியதே.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருஷத்தைத் தொட்டிருந்தால் நாலு டயருக்கும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

முடிந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். ஹெட்லைட்டை இருட்டில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அத்தையையும் டயாலிசிஸ் இல்லாத நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். வலது கையை மட்டும் ஊன்றி அவரே இரண்டு தடவை ஏறி இறங்கட்டும், அட்வான்ஸ் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.