மறு: கவுன்டர்ஸ்டியர்: ‘எதிர்த்திருப்பம்’ வேண்டாம், ‘எதிரொடிப்பு’ என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வளைவில் கார் சறுக்கும்போது முன்சக்கரங்களை எதிர்ப்பக்கம் வைப்பதை ஆங்கிலத்தில் கவுன்டர்ஸ்டியர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் பெரும்பாலானோர் ‘எதிர்த்திருப்பம்’ என்பதற்கு ஒப்புதல் சொல்லிவிட்டீர்கள். நான் தாமதமாக வருவதற்குக் காரணம், அந்தச் சொல்லுக்கு உரிய வேலையே என் மேசையில் கிடந்ததுதான். 1:10 அளவு ரேடியோ கார், நான்கு சக்கரங்களும் ஓடும் டிடி-02 வகை. அதைப் பின்சக்கரம் மட்டும் தள்ளுகிற டிரிஃப்ட் வண்டியாக, அதாவது வேண்டுமென்றே சறுக்கவிட்டு வளைவுகளில் ஓட்டும் வண்டியாக மாற்றினேன். ஓட்டிப் பார்த்த பிறகு எதிர்த்திருப்பம் என்ற சொல் எனக்குப் பொருந்தவில்லை.

> வளைவுக்கு எதிர்ப்பக்கம் திருப்புவதுதானே? திருப்பம் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். திருப்பம் என்றால் சாலையின் திருப்பம், அல்லது வண்டி திரும்புவது. இடப்பக்க வளைவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பகுதி வலப்பக்கம் சறுக்கி வெளியே போகிறது. மூக்கு தேவைக்கு மேல் இடப்பக்கம் உள்ளே வருகிறது. அப்போது முன்சக்கரங்களை வலப்பக்கம் வைக்கிறோம். வண்டி வலப்பக்கம் திரும்புகிறதா? இல்லை, அதே இடப்பக்க வளைவில்தான் போய்க்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் பார்ப்பவை சக்கரங்கள் மட்டுமே. எதிர்த்திருப்பம் என்று எழுதினால், புதிதாகப் படிக்கிறவர் வண்டியே எதிர்த்திசையில் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொள்வார்.

சக்கரத்தின் அசைவுக்கென்றே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: ஒடித்தல். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்பவர் “ரைட்ல ஒடி, இன்னும் ஒடி, சரி, நேராக்கு” என்கிறார். திருப்பு என்பது வண்டி போக வேண்டிய திசை. ஒடி என்பது ஸ்டியரிங்குக்குச் செய்ய வேண்டியது. இந்த வேறுபாடு ஓட்டுநர் பேச்சில் ஏற்கெனவே இருக்கும்போது நாம் ஏன் அதைக் கலைக்க வேண்டும்? எனவே எதிரொடிப்பு, வினையாக எதிரொடி. சக்கரம் எவ்வளவு ஒடியும் என்பதைக் குறிக்கும் ஸ்டியரிங் லாக் என்பதை ஒடிப்புக் கோணம் என்றும், ஃபுல் லாக் என்பதை முழு ஒடிப்பு என்றும் சொல்லிவிடலாம். ஒரே வேரிலிருந்து குடும்பமாகச் சொற்கள் கிடைப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வண்டியை இப்படி மாற்றும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல்லின் தேவை இன்னும் தெளிவாகும். ஜப்பானில் ரேடியோ கார் டிரிஃப்ட் தொடங்கியபோது, நான்கு சக்கரமும் ஓடும் டூரிங் கார்களில் வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக் டயர் மாட்டித்தான் ஓட்டினார்கள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும் வண்டியில் எதிரொடிப்புக்கு வேலையே குறைவு. வண்டி பக்கவாட்டில் போனாலும் முன்சக்கரங்கள் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். பார்க்க நிஜ டிரிஃப்ட் போல இல்லை என்று, பின்சக்கரங்களை முன்சக்கரங்களைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகமாகச் சுழல வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கெட்ஸுகாகி’. கெட்ஸு என்றால் பின்புறம், கொச்சையான பேச்சுச்சொல். காகி என்றால் பறித்தல், வாருதல். பின்புறம் தரையைப் பறிக்கிறது என்பதை அப்படியே பெயராக்கிவிட்டார்கள். அகராதியைத் தேடிப் போகாமல் தாங்கள் பேசுகிற பேச்சிலிருந்தே எடுத்தார்கள். நாமும் அப்படிச் செய்யலாம்.

அடுத்த கட்டம்தான் பின்சக்கர வண்டி. முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நடுத்தண்டையும் முன் கியர்களையும் இரு முன் டிரைவ் ஷாஃப்ட்டுகளையும் கழற்றிவிட வேண்டும். சக்கரம் மாட்டும் சிறு அச்சை மட்டும் கழற்றக் கூடாது. பேரிங் அதில்தான் நிற்கிறது. இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பின் டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட வேண்டும், இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகச் சுழல. இனி முன்பக்கம் இழுக்க ஆளில்லை. சறுக்கினால் காப்பாற்றுவது எதிரொடிப்பு ஒன்றுதான். அதனால் ஒடிப்புக் கோணம் நிறைய வேண்டும்; இதற்கென்றே செய்யும் வண்டிகளில் 60 டிகிரியைத் தாண்டும். டிரைவ் ஷாஃப்ட் போனதும் மூட்டு தடுப்பது நீங்கிவிடும். அப்புறம் சக்கரம் தன்னைத் தாங்கும் கீழ்க்கையில் இடிக்கும், அங்கே பிளாஸ்டிக்கைச் சீவ வேண்டும். அளவு மீறிச் சீவினால் ஸ்டியரிங் கம்பி நேர்கோட்டைக் கடந்து மறுபக்கம் புரண்டு சிக்கிக்கொள்ளும். எனக்கு முதல் நாள் அப்படித்தான் ஆனது.

> ஜைரோ தானாகச் செய்வதையும் இதே சொல்லால் குறிக்கலாமா?

குறிக்கலாம், குறிக்கவும் வேண்டும். நிஜ காரில் பின்பகுதி சறுக்கும்போது ஓட்டுநர் பிடியைத் தளர்த்தினால் காஸ்டர் கோணத்தால் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) ஸ்டியரிங் தானே எதிரொடிக்கும். ஸ்டியரிங் வட்டு கைக்குள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியோ காரில் ஸ்டியரிங்கை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ சக்கரங்களை இறுக்கிப் பிடித்திருப்பதால் அது நடக்காது. மூக்கு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை உணர்ந்து, அதற்கு எதிராகச் சர்வோவை நகர்த்துவது ஜைரோ. ஆக இதைத் தன்னெதிரொடிப்பு என்றே சொல்லலாம். ஜைரோவின் திசை சரியா என்று பார்ப்பது எளிது: வண்டியைத் தூக்கி மூக்கை இடப்பக்கம் வெட்டென்று திருப்புங்கள், முன்சக்கரங்கள் வலப்பக்கம் ஒடிய வேண்டும். தவறாக இருந்தால் தொட்டவுடன் வண்டி சுற்றிவிடும். (ஜைரோவுக்குச் சொல் தேடுவதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.)

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். முதலாவது, ஒடிதல் என்றால் முறிதல். உண்மைதான், குச்சி ஒடிகிறது, பிளாஸ்டிக் கையும் ஒடிகிறது. உடைந்ததைச் சொல்லும்போது உடைந்தது, முறிந்தது என்றே எழுதுவோம், குழப்பம் தீர்ந்தது. இரண்டாவது மறுப்பு கனமானது. எதிரொலி, எதிரொளிப்பு ஏற்கெனவே இருக்கின்றன. எதிரொளிப்புக்கும் எதிரொடிப்புக்கும் ஒரே எழுத்துதான் வேறுபாடு. ஆனால் ஒளியைப் பற்றிய பாடமும் ஸ்டியரிங்கும் ஒரே பக்கத்தில் வருவது அரிது என்பதால் நான் தயங்கவில்லை. உங்களுக்கு உறுத்தினால் ‘மாற்றொடிப்பு’ என்று வைக்கலாம். எதிர்த்திருப்பத்தைவிட அதுவும் மேல்தான்.

ஆர்டபிள்யூடிக்கு, அதாவது பின்சக்கர இயக்கத்துக்கு, ‘பின்னுந்து’ என்று முன்வைத்தவருக்கு ஒரு வார்த்தை. பேருந்து, சிற்றுந்து பழகிய காதுக்கு அது பின்னால் வரும் வண்டி என்றே கேட்கிறது. ‘பின்னுந்தல்’ என்றால் செயல் தெரிகிறது. முன்சக்கர இயக்கத்தை ‘முன்னிழுவை’ என்று வைத்தால், ஒன்று தள்ளுகிறது, மற்றது இழுக்கிறது என்பதும் சொல்லிலேயே வந்துவிடும்.

ஒன்று கேட்க வேண்டும். ‘ஒடி’ எனக்குத் தெரிந்த ஓட்டுநர்களின் பேச்சு. ‘வெட்டு’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஊர் லாரி, டிராக்டர் ஓட்டுபவர்கள் ஸ்டியரிங்கை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.