‘உள்மடக்கு’: தாள் விலங்குக் கலைச்சொல் குறித்து

அன்புடையீர்,

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பாகக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பகுதியின் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தரவிருக்கும் ஓரிகாமி (தாள் மடிப்புக் கலை) செய்முறைத் தாளுக்காக, ‘இன்சைடு ரிவர்ஸ் ஃபோல்டு’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று சித்தூர் ஆசிரியை அம்மா கேட்டிருந்தார். வந்த பதில்களில் ‘உள் எதிர்மடிப்பு’ என்ற பரிந்துரைக்கு ஆதரவு மிகுந்திருப்பதைக் கண்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘உள்மடக்கு’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

பெயர் சூட்டுமுன் செயலைப் பார்த்துவிடலாம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் காகிதக் கொக்கில், கீழ்நோக்கி நிற்கும் ஒடுங்கிய முனைகள் இரண்டையும் ஈரடுக்குக்கு நடுவே மேல்நோக்கிச் செலுத்தும்போதுதான் கழுத்தும் வாலும் கிடைக்கின்றன. கழுத்தின் நுனியில் அதையே சிறிதாக மறுபடி செய்தால் தலையும் அலகும் வந்துவிடும். அப்போது, முனையின் முதுகாக வெளியே புடைத்திருந்த மடிப்பு, திரும்பும் இடத்துக்கு அப்பால் உட்குழிந்துவிடுகிறது. இருபுறமும் புதிதாக ஒவ்வொரு சாய்மடிப்பு விழுகிறது. ஆக, இது ஒரு மடிப்பன்று; ஒரு புள்ளியில் கூடும் நான்கு மடிப்புகள் ஒரே நேரத்தில் இயங்கும் இயக்கம். ‘எதிர்மடிப்பு’ என்ற சொல்லைப் படிக்கும் பிள்ளை, தாளைத் திருப்பிப் பின்பக்கமாக மடிக்கவே முனையும்.

தமிழில் மடித்தல் வேறு, மடக்குதல் வேறு. வேட்டியையும் கடிதத்தையும் மடிக்கிறோம். கையையும் பேனாக்கத்தியையும் மடக்குகிறோம். தட்டையான ஒன்று தன்மேலேயே படிவது மடிப்பு; நீண்ட உறுப்பு ஒரு மூட்டில் திரும்புவது மடக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஃபோல்டு’ ஒன்றே இருப்பதால் நாமும் ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கோட்டுக்கும் எளிய செயலுக்கும் மடிப்பு, உறுப்பு திரும்பும் கூட்டியக்கத்துக்கு மடக்கு என்று பிரித்துக்கொண்டால், ‘உள்மடக்கு’, அதன் இணையான ‘வெளிமடக்கு’ (‘அவுட்சைடு ரிவர்ஸ் ஃபோல்டு’, முனையை வெளிப்புறமாகக் கவிழ்ப்பது) இரண்டும் இயல்பாகவே அமைகின்றன. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், அங்கே பூச்சியியல் துறையில் பணியாற்றிய ஆலிஸ் கிரே தொடங்கிவைத்த வழக்கத்தின்படி, 1970-களிலிருந்து விடுமுறைக்கால மரத்தைத் தாள் உயிரினங்களால் அலங்கரிக்கிறார்கள். கொக்கிலிருந்து அத்தகைய பூச்சிகளுக்குப் பிள்ளைகள் முன்னேறினால், கால்மூட்டுகளுக்கும் இந்தச் சொல்லே கைகொடுக்கும்.

‘மடக்கு’ என்றால் செய்யுளில் ஒரே சொல் வேறு பொருளில் மீண்டும் வரும் ஓரணி, கணிதத்தில் ‘மடக்கை’ (லாகரிதம்) உண்டு, ஆகவே குழப்பம் வரும் என்று நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். கொக்கு செய்யும் வகுப்பில் மடக்கணி குறுக்கிடாது. மடக்கை மேல்நிலை வகுப்புக்கு உரியது. அதைவிட வலுவான தடை சித்தூர்ப் பக்கத்துப் பேச்சுவழக்கிலேயே இருக்கிறது. மலையாளத்தில் தாளையும் ‘மடக்குக’ என்பதால், நம் பிள்ளைகள் எல்லா மடிப்பையும் மடக்கு என்றே சொல்லக்கூடும். அதோடு, அம்மொழியில் ‘மடி’ என்றால் சோம்பல் என்றும் பொருள். (வள்ளுவரும் மடியின்மை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார், அந்தப் பொருள் இரவல் அன்று.) ஆனால் இதனால் நம் சொல் கெட்டுவிடாது. ‘உள்’, ‘வெளி’ என்ற முன்னொட்டு இல்லாமல் ‘மடக்கு’ என்று குறிப்பில் எங்கும் எழுதாமல் விட்டாலே போதும்.

அடுத்து, ‘மவுண்டன்’ (mountain), ‘வேலி’ (valley) ஃபோல்டுகள். ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா வகுத்து, பின்னர் சாமுவேல் ராண்ட்லெட் முதலியோர் விரிவாக்கிய குறியீட்டு முறையில், கோடும் புள்ளியும் கலந்த வரி புடைக்கும் மடிப்பையும், இடைவிட்ட சிறுகோடுகளாலான வரி உட்குழியும் மடிப்பையும் குறிக்கின்றன. இவற்றை ‘மலை மடிப்பு’, ‘பள்ளத்தாக்கு மடிப்பு’ என்று அப்படியே பெயர்த்தால், புவியியல் பாடத்து ‘மடிப்பு மலை’யோடு முட்டும், இரண்டாவது சொல் படத்துக்குள் அடங்காத நீளமும் கொண்டது. முகட்டு மடிப்பு, பள்ள மடிப்பு என்பன போதும். ஓட்டு வீட்டின் முகடு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இந்த இணையைக் கொண்டு உள்மடக்கைச் சோதித்தும் பார்க்கலாம். தட்டையாக மடியும் தாளில் ஓர் உட்புள்ளியில் கூடும் முகடுகளின் எண்ணிக்கைக்கும் பள்ளங்களின் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் இரண்டு என்கிறது மேக்காவா தேற்றம். முதுகு வெளியே முகடாக இருக்கும் முனையில் உள்மடக்கு செய்து, தாளை விரித்து அதே பக்கத்திலிருந்து பார்த்தால், மூன்று முகடும் ஒரு பள்ளமும் இருக்கும். வெளிமடக்கில் மூன்று பள்ளமும் ஒரு முகடும். உள், வெளி என்ற வேறுபாட்டைப் பிள்ளைகள் எண்ணியே கண்டுகொள்ளலாம் என்பதால், இதைச் செய்முறைத் தாளின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்கலாம்.

மற்றவை எளியவை. ‘பெட்டல் ஃபோல்டு’ இதழ் மடிப்பு; ‘பிளீட்’ என்பதற்குப் புடவைக் கொசுவம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு, கொசுவ மடிப்பு என்றே இருக்கட்டும். கொக்கு முதலியவற்றுக்கு முதலில் மடித்துக்கொள்ளும் அடிப்படை வடிவமான ‘பேர்ட் பேஸ்’ என்பதற்கு ‘பறவைத் தளம்’ என்று வந்த பரிந்துரை சரணாலயத்தை நினைவூட்டுகிறது. ‘பறவை அடிவடிவு’ என்று திருத்தலாம். ‘சிங்க் ஃபோல்டு’ (முனையை உள்ளே அமிழ்த்தும் மடிப்பு) கொக்குக்குத் தேவைப்படாது; அதை இந்தத் தாளில் சேர்க்க வேண்டாம்.